கால்வாயில் போன வேட்டி

வுப்பர்டால்
12.01.2025

மல்லிகா,

சுகம் விசாரிச்சு எழுதிற கடிதம் இல்லை இது. போனில என்ர நம்பரை நீர் அடைச்சு வைச்சிருக்கிறீர். எத்தினை தரம் அடிச்சாலும் ஒரு பொம்பிளை ஜேர்மன் பாசையில ஏதோ சொல்லுறா. அம்பிகாவிட்டக் கேட்டன். "மாமி உங்களை புளொக் பண்ணி வைச்சிருக்கிறா அம்மா. ஆனா தபால்காரனை புளொக் பண்ண ஏலாது" எண்டாள். அதுதான் எழுதிறன். நான் ஆறாம் வகுப்போட நிண்டனான் எண்டு உமக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருக்கும். விசயம் பிழை இருக்காது.

உம்மட அண்ணற்ற முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிச்சுக் குடுத்தம். நீர் கதிரையில இருந்து பிரிச்சு வாசிச்சீர். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நாலாம் பக்கம் வந்தவுடன மடிச்சுக் கதிரையில வைச்சிட்டு, உம்மட மனுசன் சேகரையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டீர். இலை போட்டாச்சு, சோறும் வைச்சாச்சு. செத்தவற்ற ஒரே தங்கச்சி கை நனைக்காமல் போறா எண்டால் சனம் கேக்காதே? தலையிடியாம் எண்டு சொன்னனான். எனக்காகப் பொய் சொல்லேல்லை, உமக்காகத்தான்.

நாலாம் பக்கம் என்ர பக்கம். எங்கட ஆக்களின்ர வழமை உமக்குத் தெரியும். மனைவி புலம்பல், மகள் புலம்பல், சகோதரி புலம்பல் எண்டு ஆளுக்கொரு பக்கம். அழுகிறது நாங்கள், பாட்டு எழுதிறது ஆனந்தராசா அண்ணை. அவர் போன் எடுத்து, "பிள்ளை, அவரைப் பற்றி உமக்கு மனசில நிக்கிற ஒரு விசயம் சொல்லும்" எண்டார். நான் யோசிக்கவே இல்லை. ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் தேர் அண்டைக்குக் கால்வாய்க்குள்ள குதிச்ச கதையைச் சொன்னன். ஒரு ஜேர்மன் கிழவன்ர தொப்பி காத்தில பறந்து தண்ணியில விழுந்ததும், இவர் வேட்டியோட குதிச்சதும், தொப்பி கைக்கு வர வேட்டி இடுப்பை விட்டுப் போனதும், தொப்பியால மறைச்சுக்கொண்டு கரையேறி நிண்டு சிரிச்சதும், நான் துவாய் குடுத்ததும்.

அதில என்ன குற்றம்? வேட்டி கழண்டதைப் போடக் கூடாது எண்டு ஆனந்தராசா அண்ணை தானே விட்டிட்டார். மிச்சத்தை மரியாதையாத்தான் எழுதியிருக்கிறார்.

என்னத்துக்குக் கோவம் எண்டு எழுதும். எழுதாட்டி நான் பான் வந்து உம்மட வாசலில நிப்பன்.

சுகன்யாதேவி


பான்
25.01.2025

மச்சாளுக்கு,

வாசலில வந்து நிக்க வேண்டாம். எழுதிறன்.

உங்கட பக்கத்தில இருக்கிற வரியை ஒருக்கா உரத்து வாசியுங்கோ. "தொப்பியொன்று நீர்மேலே மிதக்கக் கண்டு குதித்தீரே, துவாய் ஏந்தி நான்நின்றேன் கரையினிலே, சிரித்தீரே." இனி அடுத்த தாளைத் திருப்பி என்ர பக்கத்தை வாசியுங்கோ. "ஒருவயிற்றில் உதித்தவரே எமைவிட்டுப் போனீரோ." இந்த வரி போன வருசம் டோர்ட்முண்டில செத்த ஒரு மனிசன்ர மலரிலயும் இருந்தது. அந்த மனிசன்ர தங்கச்சிக்கும் இதே ஒப்பாரிதான்.

ஆனந்தராசா அண்ணை எனக்கும் போன் எடுத்தவர். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில அப்ப ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டு நிண்டன். பின்னேரம் எடுத்து நானும் கால்வாய்க் கதையைத்தான் சொன்னனான். "அது அவற்ற மனுசி சொல்லிப்போட்டா பிள்ளை, வேற ஏதும் இருக்கோ?" எண்டார். "இல்லை" எண்டு சொல்லி வைச்சிட்டன்.

மச்சாள், நீங்கள் அண்டைக்குக் கோயிலுக்கு வரேல்லை. வந்தது அண்ணையும், நானும், இவரும், என்ர மகனும். துவாய் குடுத்தது நான். மகன்ர துவாய், முயல் படம் போட்டது. நீங்கள் வுப்பர்டாலில வீட்டில இருந்தனீங்கள். அம்பிகா வைகாசிக் கடைசியில பிறந்தவள், தேர் ஆனியில. முப்பத்தொண்டு கழியாமல், பிள்ளைப்பெத்த துடக்கோட கோயில் வாசலுக்கு வந்தனீங்களோ? உங்கட அம்மா உயிரோட இருந்து கேட்டிருந்தால் உங்களைக் கொன்றுபோட்டிருப்பா.

நான் கஞ்சத்தனத்தில சொல்லேல்லை. அவரோட இருந்த இருபத்துமூண்டு வருசம் உங்களுக்கு இருக்கு. பிள்ளை இருக்கு. சுவரில படம் இருக்கு. நான் ஜேர்மனிக்கு வந்தாப்பிறகு அண்ணையும் நானும் ஒண்டாக் கழிச்ச முழு நாள் எண்டு பாத்தால் கலியாண வீடும் செத்த வீடும்தான். மிச்சம் இந்த ஒரு நாள். அதையும் உங்கட பேரில அச்சடிச்சு, ஹோல் முழுக்கக் குடுத்தீங்கள்.

மல்லிகா


வுப்பர்டால்
08.02.2025

மல்லிகா,

உம்மட கடிதம் கிடைச்சுது. வாசிச்சன். நீர் பிழை.

அது அம்பிகா பிறந்த வருசம் இல்லை, அடுத்த வருசம். அவளுக்கு ஒரு வயசு. என்ர இடுப்பில இருந்தவள். நான் கரையில நிண்டனான். எந்த வருசம் எண்டதில வேணுமெண்டால் எனக்குத் தடுமாறும். கண்டதில தடுமாறாது. அவர் எனக்கு நேர நிக்கிறார். நான் கை நீட்டினால் படும், அவ்வளவு கிட்ட. பின்னால மஞ்சள் வெய்யில். நெத்தியில சந்தனம் கரைஞ்சு மூக்கால வழியுது. தலையைப் பின்னால சரிச்சுச் சிரிக்கிறார், மேல் வரிசையில கடைசிப் பல்லு இல்லாதது கூடத் தெரியுது. என்ர கையில துவாய். நான் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். இந்த நோ இப்பவும் எனக்குத் தெரியுது. ஆரோ சொல்லிக் கேட்ட கதையில ஆருக்காவது வயிறு நோகுமோ?

நீர் முயல் துவாய் எண்டு சொன்னால் நான் வயித்து நோ எண்டு சொல்லுவன். எது பெரிசு?

இன்னொண்டும் சொல்லவேணும். இது நான் அம்பிகாவுக்கும் சொல்லேல்லை. உம்மட அண்ணை ஆசுப்பத்திரியில கிடந்த காலம் முழுக்க நான் பக்கத்தில இருந்தனான். உமக்குத் தெரியும். இப்ப கண்ணை மூடினால் அந்தக் கட்டில்தான் வருகுது. மூக்கில குழாய், மஞ்சளாப் போன கண், நகத்துக்குக் கீழ நீலம். கலியாண நாளை நினைக்கிறன், மாலையோட நிக்கிற ஆளுக்கும் மூக்கில குழாய். படத்தைப் பாத்தால் படத்தில இருக்கிற ஆள் தெரியுது, எனக்குள்ள இருக்கிற ஆள் வரமாட்டன் எண்டுறார். எல்லாத்துக்கும் மேல அந்த எட்டு மாசம் வந்து மூடிப்போட்டுது, சுவருக்குப் பூச்சு அடிச்ச மாதிரி.

பூச்சுப் படாதது ஒண்டே ஒண்டுதான். கால்வாய்க் கரையில நிண்டு சிரிக்கிற அந்த முகம். அது மட்டும் குழாய் இல்லாமல் வருகுது. வேலைக்குப் போகேக்கை தொங்கு ரயிலில இருந்து அதைத்தான் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாக்கிறன்.

அதை உமக்கு விட்டுத்தரச் சொல்லுறீர். ஏலாது மல்லிகா. வேற என்னவும் கேளும். அவற்ற மோதிரத்தைக் கேளும், தாறன்.

சுகன்யாதேவி


பான்
16.03.2025

மச்சாள்,

எனக்கு மோதிரம் வேண்டாம்.

உங்கட கடிதத்தை இவருக்கு வாசிச்சுக் காட்டினன். குழாய் வந்த இடத்தில இவர் எழும்பி வெளிய போயிட்டார். நான் எழுதின பதிலைக் கிழிச்சுப்போட்டன். நீங்கள் அப்பிடி இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் நீங்கள் நிண்ட நிலையைப் பாத்து, "கல்லு மாதிரி நிக்கிறா" எண்டு இவரிட்டச் சொன்னனான்.

ஆனால் உங்களுக்கு நோகும் எண்டதுக்காக நான் நடந்ததை மாத்திச் சொல்ல ஏலாது. நீங்கள் என்னைப் பொய் சொல்ல விடமாட்டீங்கள் எண்டும் தெரியும்.

எங்கட மேல் வீட்டில நிவேதிதா எண்டு ஒரு பிள்ளை இருக்கிறா. மதுரைப் பக்கம். இங்க யூனியில ஆராய்ச்சி செய்யிறா. என்ன ஆராய்ச்சி எண்டு நான் கேட்டதே இல்லை, லிஃப்டில சிரிக்கிறதோட சரி. அண்டைக்கு ஒரு பார்சலை எங்கட வீட்டில வாங்கி வைச்சம், எடுக்க வந்தவளிட்டச் சும்மா கேட்டால், மனிசர் தங்கட வாழ்க்கையில நடந்ததை எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கினம் எண்டதுதான் அவவின்ர ஆராய்ச்சியாம். பிடிச்சு இருத்தித் தேத்தண்ணி குடுத்தன். பேர் சொல்லாமல் முழுக்கச் சொன்னன். உங்களைப் "பொய்க்காரி" எண்டு சொல்லுவா எண்டுதான் நான் நினைச்சது, மறைக்கேல்லை.

"இல்லக்கா, அவங்க பொய் சொல்லல. இது எல்லாருக்கும் நடக்கும், எனக்கே நடந்திருக்கு" எண்டா. ஞாபகம் எண்டது அலுமாரியில மடிச்சு வைச்ச சீலை இல்லையாம். ஒவ்வொருமுறை எடுக்கேக்கையும் புதுசாத் தைச்சுத்தான் எடுக்கிறமாம். கைக்கு எட்டின துணி எதுவோ அதையும் சேத்துத் தைக்கிறமாம். ஒருத்தர் திருப்பித் திருப்பி நல்லாச் சொன்ன கதை எண்டால், கேட்ட ஆள் மெல்ல மெல்ல அதுக்குள்ள நடந்து போயிடுவாராம். அண்ணை அந்தக் கதையை எத்தினை தரம் சொல்லியிருப்பார், நீங்களே சொல்லுங்கோ.

உங்களுக்குக் காட்டிறதுக்கு என்னட்டப் படம் இல்லை. எல்லாரும் சிரிச்சதில ஒருத்தரும் எடுக்கேல்லை. அதால ஒரு வழி கேட்டன். அவ சொன்னது இதுதான்: "அந்த ஞாபகத்துல அவங்க தன் கண்ணால பாக்கறாங்களா, இல்ல தன்னையும் சேத்து வெளியில இருந்து பாக்கறாங்களான்னு கேளுங்க. தன்னைப் பாக்கறாங்கன்னா, என்ன உடுத்தியிருக்காங்கன்னு கேளுங்க." அது கூட உறுதி இல்லையாம், சும்மா ஒரு வழிதானாம்.

நான் கேட்டிட்டன். பதில் எனக்கு எழுதவேணும் எண்டில்லை.

மல்லிகா


வுப்பர்டால்
04.05.2025

மல்லிகா,

உம்மட மேல்வீட்டுப் பிள்ளையிட்டச் சொல்லும், அவ கேட்ட கேள்வியால நான் ஒரு மாசம் சரியாச் சாப்பிடேல்லை எண்டு. அவ கெட்டிக்காரி எண்டும் சொல்லும்.

முதல் நாள் நான் பாக்கவே இல்லை. பயமாக் கிடந்தது. பிறகு ஒரு நாள் ரயிலில இருந்து, சரி பாப்பம் எண்டு அந்தப் படத்தை எடுத்தன். அவர் சிரிக்கிறார். அவரை விட்டிட்டுக் கரையைப் பாத்தன். அதில ஒரு பொம்பிளை பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு நிக்கிறா. அது நான். நான் என்னைப் பாக்கிறன். சீலையைப் பாத்தன். அரக்குப் பட்டு, அகலச் சரிகை.

அந்தச் சீலை அம்பிகா பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்திய வீட்டுக்கு வாங்கினது. நீரும்தான் கூட வந்து தெரிஞ்செடுத்தனீர். இடுப்பில இருக்கிற பிள்ளையின்ர சாமத்திய வீட்டுச் சீலையை நான் எப்பிடி அப்பவே உடுத்திருப்பன்?

இறங்கவேண்டிய இடத்தில இறங்கேல்லை. கடைசித் தரிப்புக்குப் போய், அதே பெட்டியில திரும்பி வந்தன்.

நீர் சொன்னது சரி. நான் அண்டைக்கு அங்க வரேல்லை. நான் வேணுமெண்டு சொன்ன பொய் இல்லை, அதுக்காக மன்னிப்புக் கேக்க மாட்டன். ஆனா உம்மடதை உம்மட்டத் தரவேணும். ஆனந்தராசா அண்ணைக்குப் போன் எடுத்து, பக்கத்தை மாத்தவேணும் எண்டன். "அச்சடிச்சது அச்சடிச்சதுதான் பிள்ளை, செத்தவர் வந்து வாசிக்கவே போறார்?" எண்டார். "உயிரோட இருக்கிறவ வாசிச்சிட்டா அண்ணை" எண்டு சொல்லி வைச்சிட்டன். வீட்டில மிஞ்சிக் கிடந்த மலர் எல்லாத்தையும் எடுத்து, நாலாம் பக்கத்தில "மனைவி" எண்டதை வெட்டி "தங்கை" எண்டு பேனையால எழுதியிருக்கிறன். ஒண்டு இதோட வருகுது. என்ர கையெழுத்துக் கோணல்தான், ஆனா மை நல்ல மை.

இப்ப கண்ணை மூடினால் கட்டில் மட்டும்தான். அது என்ர பாடு.

ஒரு வேலை இருக்கு உமக்கு. அவர் செத்து ஒரு வருசமாகி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் நான் கோயிலுக்குப் போக ஏலாது. அண்டைக்குப் பிள்ளை பிறந்த துடக்கு, இந்த வருசம் இந்தத் துடக்கு. ஊன்ட்றொப் தேருக்கு அம்மன் என்னை விடுறதாயில்லை. நீர் கட்டிக் குடுத்த பிள்ளை, உமக்குத் துடக்கு எப்பவோ கழிஞ்சுது. நீர் போம். போய் அந்தக் கரையில நிண்டு, நடந்ததை நடந்த மாதிரி எனக்கு எழுதும். அழகு படுத்த வேண்டாம். சொந்தக் கண்ணால கண்ட ஒராள் சொல்லி நான் ஒருக்காக் கேக்கவேணும்.

அம்பிகாவின்ர போனிலயிருந்து கூப்பிட்டால் நீர் எடுப்பீர் எண்டு தெரியும். ஆனா எழுதும். எழுத்தில நீர் கத்தமாட்டீர்.

சுகன்யாதேவி


பான்
29.06.2025

மச்சாள்,

தேருக்குப் போயிட்டு வந்தன். சரியான சனம். தேர் இருப்புக்கு வந்தாப்பிறகு இவரை ஐஸ்பழக் கடையடியில விட்டிட்டுத் தனியக் கால்வாய்க்குப் போனன்.

முதல் என்ர பிழையைச் சொல்லுறன். அந்த இடத்தில கல்லுப் படி இருக்கு எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சது. அண்ணை படியால ஏறி வாறது அப்பிடியே என்ர கண்ணில நிக்குது. படி இல்லை. புல்லும் சரிவும்தான். மேலயும் கீழயும் நடந்து தேடினன். எங்கயும் இல்லை. நிவேதிதா கேட்டால் சிரிப்பா.

இனி நடந்தது. அது வெய்யில் இல்லை, மச்சாள். காலையில இருந்து தூறல், வானம் சாம்பல். இதில எனக்குச் சந்தேகமே இல்லை, மகனுக்குச் சளி பிடிச்சிடும் எண்டுதான் நான் துவாய் கொண்டு போனது. தொப்பி விழுந்தது, அண்ணை குதிச்சது, வேட்டி போனது எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரித்தான். வேட்டி விரிஞ்சு மிதந்துகொண்டு போகுது, ஆரோ ஒருத்தன் "வேட்டி ஹொலண்டுக்குப் போகுது, விசா இருக்கோ?" எண்டு கத்தினான். கரையில நிண்ட அவ்வளவு சனமும் சிரிச்சுது. தொப்பிக்காரக் கிழவனும் சிரிச்சான். நானும் சிரிச்சன்.

அண்ணை மட்டும் சிரிக்கேல்லை.

அழகு படுத்த வேண்டாம் எண்டு கேட்டதால எழுதிறன். அவர் நடுங்கினார். சொண்டு நீலம். ஒருத்தற்ற முகத்தையும் பாக்கேல்லை. துவாயை வாங்கிக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பாத்தபடி காருக்கு நடந்தார். நான் ஏதோ பகிடி விட்டன், "சும்மா இரடி" எண்டார். அவ்வளவுதான். இவர் காரிலயிருந்து ஏதோ உடுப்பு எடுத்துக் குடுத்தார். "கொண்டுபோய் விடுறம்" எண்டு கேட்டம், வேண்டாம் எண்டிட்டு ஹம் ரயிலடியில இறங்கிப் போனவர்தான். அதுக்குப் பிறகு அண்டைக்கு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது.

நீங்கள் எழுதினீங்கள், தலையைப் பின்னால சரிச்சு, கடைசிப் பல்லுத் தெரியச் சிரிச்சவர் எண்டு. மலரிலயும் சிரித்தீரே எண்டு இருக்கு. அந்தச் சிரிப்பை நான் காணேல்லை, மச்சாள். அது எங்கயிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியாது. இதை எழுதாமல் விடுவமோ எண்டு இரண்டு நாள் வைச்சிருந்தன்.

போன் அடைப்பை எடுத்துப்போட்டன்.

மல்லிகா


வுப்பர்டால்
20.07.2025

மல்லிகா,

அடைப்பை எடுத்தது தெரியும், ஆனாலும் இதைப் போனில சொல்லமாட்டன். எழுதி வைக்கவேண்டிய விசயம்.

உம்மட கடிதத்தை நிண்டபடியே வாசிச்சன். "அண்ணை மட்டும் சிரிக்கேல்லை" எண்ட இடத்தில எனக்குக் கோவம் வந்தது. சரி, கரையையும் எடுத்துப்போட்டா, வெய்யிலையும் எடுத்துப்போட்டா, இப்ப சிரிப்பையும் எடுக்கிறா எண்டு. கடிதத்தை மேசையில போட்டிட்டுச் சோறு வடிக்கப் போனன். பானைக்கு மேல நிக்கேக்கை யோசிச்சன். உந்தச் சிரிப்பை அவள் காணேல்லை எண்டால், அவளிட்டயிருந்து அது எனக்கு வந்திருக்க ஏலாது. அவர் அங்க சிரிக்கேல்லை எண்டால், கால்வாயில இருந்தும் வந்திருக்க ஏலாது. அப்ப அது எங்கத்தையான் சிரிப்பு?

கரையை விட்டன். சீலையை விட்டன். முகத்தை மட்டும் வைச்சுக்கொண்டு, பின்னால என்ன மஞ்சள் எண்டு பாத்தன்.

மாடிப்படி லைற்.

நாங்கள் அப்ப இருந்த வீட்டுக் கதவுக்கு வெளிய, தலைக்கு மேல ஒரு மஞ்சள் குமிழ் எரியும். கதவைத் திறந்தால் அதுக்குக் கீழ அவர் நிக்கிறார். மேல வெறும் மேல், சால்வை. நெத்தியில கரைஞ்ச சந்தனம். கீழ சேகற்ற காற்சட்டை. அதுதான் சேகர் காரால எடுத்துக் குடுத்த "ஏதோ உடுப்பு". சேகற்ற உயரம் தெரியும்தானே, இவருக்கு அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழயே நிண்டிட்டுது. அந்தக் கோலத்தில ஹம்மில இருந்து வுப்பர்டால் மட்டும் ரயிலில வந்திருக்கிறார். நான், "ஐயோ, என்னப்பா இது?" எண்டன். அவர் குனிஞ்சு காற்சட்டையைப் பாத்தார். என்னைப் பாத்தார். பிறகுதான் சிரிக்கத் தொடங்கினார்.

உமக்கு முன்னால வெக்கத்தில அடக்கி வைச்சிருந்த சிரிப்பு முழுக்க என்ர வாசலில வந்துதான் வெடிச்சது, மல்லிகா. வாசலில நிண்டபடியே நடிச்சுக் காட்டினார். சப்பாத்துத் தட்டுத்தான் கால்வாய். என்ர தோளில பிள்ளையின்ர துவாய் கிடந்தது, நான் கையில எடுத்தன், அவர் பறிச்சு வேட்டி எண்டு இடுப்பில வைச்சு, "போகுது போகுது" எண்டு விட்டார். தலையைச் சரிச்சுச் சிரிச்சார். கடைசிப் பல்லு இல்லாதது தெரிஞ்சுது.

எனக்கு வயிறு நொந்தது. அம்பிகாவை வெட்டித்தான் எடுத்தது, மூண்டு கிழமைத் தையல். வயித்தைப் பொத்திக்கொண்டு, "காணுமப்பா, தையல் பிரியும்" எண்டு கெஞ்சினன். அவருக்கு அதுக்கும் சிரிப்பு. பிள்ளை முழிச்சு அழத் தொடங்கின பிறகுதான் உள்ளுக்க வந்து கதவைச் சாத்தினார்.

இதை அவர் ஒருத்தருக்கும் சொல்லித் திரியேல்லை. நானும் சொல்லேல்லை. சொல்லிறதுக்கு இதில கதை ஒண்டும் இல்லை, ஒரு மனிசன் கட்டைக் காற்சட்டையோட வாசலில நிண்டு சிரிச்சது மட்டும்தான். அதால ஒருத்தரும் இதைத் தூக்கிக்கொண்டு போகேல்லை. கால்வாய்க் கதையைத்தான் எல்லாரும் கேட்டினம், அதைச் சொல்லிச் சொல்லி, என்ர வாசலை நானே கொண்டுபோய்க் கால்வாய்க் கரையில வைச்சிருக்கிறன்.

இந்த முறை நான் என்னை வெளியில இருந்து பாக்கேல்லை. நான் என்ன உடுத்திருந்தன் எண்டு எனக்குத் தெரியவே தெரியாது. அவர்தான் தெரியிறார். உம்மட நிவேதிதாவிட்டச் சொல்லும். அவ "அதுவும் உறுதி இல்லக்கா" எண்டு சொன்னால், ஒருக்கா வுப்பர்டால் வரச் சொல்லும். என்ர வயித்துத் தழும்பைக் காட்டிறன்.

ஆனந்தராசா அண்ணை தெரியாமலே பாதி சரியா எழுதியிருக்கிறார். துவாய் ஏந்தி நான் நிண்டதும் உண்மை, சிரிச்சதும் உண்மை. கரைதான் பிழை. ஆனாலும் நான் வெட்டின வெட்டைத் திருப்பி மாத்தேல்லை. அது உம்மட பக்கமாவே கிடக்கட்டும். என்ரதை அச்சடிக்கத் தேவையில்லை. இப்ப கட்டில் வந்தால் வரட்டும் எண்டு விடுறன், கொஞ்ச நேரத்தில அதுக்குப் பின்னால கதவு திறபடுது.

ஆட்டைத் திவசம் புரட்டாதியில வருகுது. ஐயரைக் கேட்டுத் திகதி சொல்லுறன். நீர் வாறீர். இந்த முறை சாப்பிட்டிட்டுத்தான் போறீர். சனத்துக்கு நீர் கால்வாயைச் சொல்லும், நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். அம்பிகாவுக்கு வாசலை நான் சொல்லுவன், நீர் கேட்டுக்கொண்டு இரும்.

படையலுக்கு அவருக்கு ஒரு வேட்டி வைக்கவேணும். அதை நீர் வாங்கிக்கொண்டு வாரும், கூடப்பிறந்தவளின்ர கையால. நல்ல கெட்டிக் கரை போட்டதாப் பாத்து வாங்கும், இடுப்பில நிக்கவேணும். சேகருக்கு ஒரு காற்சட்டை நான் வாங்கி வைச்சிருக்கிறன். அவற்றதை இவர் திருப்பிக் குடுக்கவே இல்லை.

உம்மட மச்சாள்,
சுகன்யாதேவி